நேபாளத்துக்கு ஊழியப் பயணம்: எங்கள் வாலிபர் சங்கம் போகலாமா?

தேரிக்காட்டு வாலிபன்:

அனைவருக்கும் ஸ்தோத்திரம். எங்கள் சேகரம் (சில சபைகள் சேர்ந்த திருச்சபைப் பிரிவு) திருச்செந்தூர் வட்டாரத்தில் இருக்கிறது. வருகிற மே விடுமுறையில் வாலிபர் சங்கத்தைச் சேர்ந்த 18 பேர் நேபாளத்தின் பொக்காராவுக்கு 10 நாள் ஊழியப் பயணம் செல்லத் திட்டமிட்டிருக்கிறோம். ரயிலில் கோரக்பூர், அங்கிருந்து பேருந்தில் சுனௌலி எல்லை, பிறகு புட்வல், தான்சேன் வழியாகப் பொக்காரா என்று பாதையும் வகுத்துவிட்டோம். இந்தியர்களுக்கு விசா தேவையில்லை என்பதும், செலவு ஆளுக்கு 22,000 ரூபாய்க்குள் அடங்கிவிடும் என்பதும் நேபாளத்தைத் தேர்ந்தெடுத்ததற்கு முக்கியக் காரணங்கள். பாதிச் செலவை அவரவர் ஏற்க, மீதியைச் சேகர நிதியிலிருந்து கேட்டிருக்கிறோம்.

சிறுவர்களுக்கு விடுமுறை வேதாகமப் பள்ளி, ஒரு கிராமத்தில் மருத்துவ முகாம், ஒரு குழந்தைகள் இல்லத்தில் ஒரு நாள், கடைவீதியில் கைப்பிரதி ஊழியம் ஆகியவற்றை நடத்த எண்ணியிருக்கிறோம். முகநூல் வழியாக அறிமுகமான போதகர் ஒருவர் வரச் சொல்லியிருக்கிறார். ஆனால் சேகரக் கமிட்டியில் இருக்கும் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவர், "பயணத்துக்கு ஆகிற பணத்தை அந்தச் சபைக்கே அனுப்பிவிடுங்கள், அதுவே பெரிய ஊழியம்" என்று சொல்லி ஒப்புதல் தர மறுக்கிறார். வாலிபர்கள் மனம் சோர்ந்திருக்கிறார்கள். அனுபவமுள்ளவர்கள் கருத்துச் சொல்லும்படி வேண்டுகிறேன்.

அதிகாலை ஜெபம்:

தம்பி, தயங்காமல் புறப்படுங்கள். பணத்தை அனுப்புவது எளிது. தன் விடுமுறையையும் வசதியையும் விட்டுவிட்டு ஓர் அந்நிய ஊருக்குப் போய் அங்குள்ள விசுவாசிகளோடு முழங்காலில் நிற்பது அப்படியல்ல. இந்த வயதில் போகாதவர்கள் பிறகு போவதே இல்லை என்பதை எங்கள் சேகரத்தில் பார்த்திருக்கிறேன்.

மலைநாட்டு மருந்தாளுநர்:

தம்பி, நான் நேபாளத்தில் ஒரு மிஷன் மருத்துவமனையின் மருந்தகத்தில் பல ஆண்டுகள் பணியாற்றி ஓய்வுபெற்று, இப்போது நாகர்கோவிலில் இருக்கிறேன். உங்கள் ஆர்வத்தைக் குறைப்பதற்காக இதை எழுதவில்லை. நீங்கள் எழுதிய திட்டத்தை அங்குள்ள ஒரு சபை மூப்பர் படித்தால் அவருக்கு எங்கெங்கே நெஞ்சு பதறும் என்பதை மட்டும் சொல்ல விரும்புகிறேன்.

நேபாளத்தின் 2015ஆம் ஆண்டு அரசியலமைப்பின் 26ஆவது பிரிவு, அவரவர் மதத்தைப் பின்பற்றும் உரிமையைத் தருகிறது. ஆனால் ஒருவரை மதம் மாற்றுவதை அதே பிரிவு தடை செய்கிறது. 2018 ஆகஸ்டில் நடைமுறைக்கு வந்த குற்றவியல் சட்டத்தின் 158ஆவது பிரிவு அதற்குத் தண்டனையையும் வகுத்தது: 5 ஆண்டுகள் வரை சிறை, 50,000 நேபாள ரூபாய் வரை அபராதம். குற்றவாளி வெளிநாட்டவராக இருந்தால் தண்டனை முடிந்த 7 நாட்களுக்குள் நாட்டைவிட்டு அனுப்பப்படுவார்.

இந்தச் சட்டம் வருவதற்கு முன்பே, 2016இல், தோலகா மாவட்டத்தின் சரிகோட்டில் நேபாளக் கிறிஸ்தவர்கள் எட்டுப் பேர் கைதானார்கள். நிலநடுக்கத்தால் அதிர்ந்திருந்த பள்ளிக் குழந்தைகளுக்கு ஆறுதல் வகுப்பு நடத்தியபோது இயேசுவின் கதையைச் சொல்லும் படக்கதைப் புத்தகத்தைக் கொடுத்தார்கள் என்பதே அவர்கள் மீதான வழக்கு. அந்த ஆண்டு டிசம்பரில் நீதிமன்றம் அவர்களை விடுவித்தது. ஆனால் அதுவரை அந்தக் குடும்பங்கள் பட்ட பாட்டை விடுதலைத் தீர்ப்பு திருப்பித் தரவில்லை. நீங்கள் போகவிருக்கும் பொக்காராவிலேயே 2020 மார்ச்சில் ஒரு போதகர், கொரோனாவைக் கடிந்து ஜெபித்த காணொளி பரவியதைத் தொடர்ந்து கைதானார். பிறகு வேறொரு வழக்கில் டோல்பா மாவட்ட நீதிமன்றம் 2021 நவம்பரில் அவருக்கு 2 ஆண்டு சிறைத்தண்டனை விதித்தது. மேல்முறையீட்டில் அது ஓராண்டாகக் குறைந்தது.

கடைவீதியில் நீங்கள் கைப்பிரதி கொடுத்துவிட்டுக் கோரக்பூரில் ரயிலேறிவிடுவீர்கள். அடுத்த நாள் காவல் நிலையத்தில் விளக்கம் சொல்ல வேண்டியவர், உங்களைத் தன் வீட்டில் தங்கவைத்துச் சோறு போட்ட போதகர். ஆகவே உங்கள் முதல் கேள்வி "போகலாமா" என்பதாக இருக்க வேண்டாம். "நாங்கள் வந்தால் உங்களுக்கு என்ன நேரும்" என்பதை அங்குள்ளவர்களிடம் கேட்டு, அவர்கள் மனம் திறந்து பதில் சொல்லும் அளவுக்குப் பழக்கம் ஏற்படும்வரை பயணச்சீட்டு எடுக்காதீர்கள்.

தேரிக்காட்டு வாலிபன்:

ஐயா, விரிவான பதிலுக்கு நன்றி. கைப்பிரதியைக் கைவிட்டுவிடுகிறோம். ஆனால் விடுமுறை வேதாகமப் பள்ளி சபைப் பிள்ளைகளுக்கு மட்டும்தானே? அதில் என்ன சிக்கல் வரும்?

மலைநாட்டு மருந்தாளுநர்:

சபைப் பிள்ளைகளுக்கென்று தொடங்கினாலும் பாட்டும் விளையாட்டும் கேட்டு அக்கம்பக்கத்துப் பிள்ளைகள் வருவார்கள். நம் ஊரிலும் அப்படித்தானே நடக்கிறது. அவர்களின் பெற்றோர் அனுமதி கொடுத்தார்களா என்ற கேள்வி அங்கே மிகவும் கனமானது. அதைவிட அடிப்படையான சிக்கல் ஒன்று உண்டு. நேபாளத்தில் பள்ளி ஆண்டு வைசாக மாதத்தில், அதாவது ஏப்ரல் நடுவில் தொடங்குகிறது. மே மாதம் அங்கே பிள்ளைகள் புதிய வகுப்பில் உட்கார்ந்திருப்பார்கள். விடுமுறை நமக்குத்தான், அவர்களுக்கு இல்லை. உங்களை வரச் சொன்ன போதகர் இதைச் சொல்லவில்லை என்றால், வருகிற விருந்தினரின் மனம் கோணக்கூடாது என்று அவர் தயங்கியிருக்கலாம். மலைநாட்டு மக்களிடம் அந்தத் தயக்கம் அதிகம்.

ஜெபத்தோழன்:

இந்த இழையில் அச்சமே மேலோங்கி நிற்பது எனக்கு வருத்தமளிக்கிறது. அப்போஸ்தலர்கள் ரோமச் சட்டத்தைப் படித்துவிட்டா ஊழியத்துக்குப் புறப்பட்டார்கள்? மிஷனெரி ரிங்கல்தௌபே தென்திருவிதாங்கூருக்கு வந்தபோது யாரிடம் அனுமதி கேட்டார்? நம் முன்னோருக்குச் சுவிசேஷம் சொன்னவர்கள் இப்படிக் கணக்குப் பார்த்திருந்தால், இன்று நாம் இந்த மன்றத்தில் உட்கார்ந்து விவாதித்துக்கொண்டிருக்க மாட்டோம்.

மயிலாடி ஆசிரியர்:

சகோதரரே, ரிங்கல்தௌபேயைப் பற்றி நீங்கள் கேட்ட கேள்விக்கு வரலாற்றில் பதில் இருக்கிறது. அது உங்கள் வாதத்துக்கு எதிராகவே நிற்கிறது. அவர் தாமாக மயிலாடிக்கு வந்துவிடவில்லை. மயிலாடியைச் சேர்ந்த மகாராசன் தஞ்சாவூரில் மிஷனெரி கோலாஃப் ஐயரிடம் ஞானஸ்நானம் பெற்று வேதமாணிக்கமாக ஊர் திரும்பினார். அவர் அழைத்ததன் பேரிலேயே ரிங்கல்தௌபே 1806இல் வந்தார். அதற்கு முன் தரங்கம்பாடியில் தங்கித் தமிழ் கற்றிருந்தார். திருவிதாங்கூருக்குள் நுழையவும் ஆலயம் கட்டவும் அன்றைய ரெசிடென்ட், அதாவது பிரிட்டிஷ் பிரதிநிதி, மெக்காலே வழியாக அனுமதி பெற்றார். மயிலாடி ஆலயம் 1809இல் பிரதிஷ்டை செய்யப்பட்டது. அவர் புறப்பட்டது 1816இல். உள்ளூர்க்காரர் ஒருவரின் அழைப்பு, மொழி, அனுமதி, பத்தாண்டுக் காலம் என்று நான்கும் அவரிடம் இருந்தன. அப்போஸ்தலராகிய பவுலும் கொரிந்துவில் ஒன்றரை ஆண்டு தங்கினார். எபேசுவில் அதைவிட நீண்ட காலம் இருந்தார்.

அச்சத்தைப் பற்றியும் ஒரு சொல். தனக்கு வரும் துன்பத்தைத் துணிந்து ஏற்பது விசுவாசம் என்று நானும் நம்புகிறேன். ஆனால் மருந்தாளுநர் ஐயா சொன்னது, துன்பம் வேறொருவர் தலையில் விழும் என்பது. பிறர் சிறைக்குப் போகக்கூடிய காரியத்தில் நாம் துணிச்சல் காட்டுவதை அப்போஸ்தலர்களின் துணிச்சலோடு ஒப்பிட முடியாது.

ஜெபத்தோழன்:

வேதமாணிக்கத்தின் அழைப்பை நான் மறந்து பேசிவிடவில்லை. ஆனால் உங்கள் கடைசிக் கருத்து நியாயமானது என்று ஒப்புக்கொள்கிறேன். ஆயினும் ஒரு கேள்வி எஞ்சி நிற்கிறது. வெளியிலிருந்து யாரும் போகாமல் ஒரு சபை எப்படி வளரும்?

மலைநாட்டு மருந்தாளுநர்:

நேபாள சபையே அதற்குப் பதில். கப்புச்சின் என்ற கத்தோலிக்கத் துறவிகள் 18ஆம் நூற்றாண்டில் வெளியேற்றப்பட்டதிலிருந்து 1951இல் ராணாக்கள் என்ற பரம்பரைப் பிரதமர்களின் ஆட்சி முடியும்வரை அந்த நாடு மிஷனெரிகளுக்கு அடைத்தே கிடந்தது. அக்காலமெல்லாம் நேபாளி மொழி பேசிய கிறிஸ்தவர்கள் டார்ஜிலிங், காலிம்பாங் மலைகளில் இருந்தார்கள். அவர்களில் முதலாவதாகப் போதகராக அபிஷேகம் பெற்ற கங்கா பிரசாத் பிரதான், வேதாகமத்தை நேபாளியில் கொண்டுவந்தவர். அவர் 1914இல் தம் குடும்பத்தாரோடு காத்மாண்டுவுக்குக் குடியேறப் போனபோது திருப்பி அனுப்பப்பட்டார்.

நாடு திறந்தபோது 1952இல் பொக்காராவின் ராம்காட்டில் சபையை நிறுவியவர்கள் இந்த எல்லைப்புறத்து நேபாளிகளே. அவர்களோடு அதே நாட்களில் பொக்காராவுக்கு வந்த வெளிநாட்டுப் பெண் மருத்துவர்களும் செவிலியர்களும் மருத்துவமனை நடத்தினார்கள். நேபாள ஐக்கிய மிஷன் 1954இல் தொடங்கியபோது, மதம் மாற்றுவதில்லை என்ற நிபந்தனையை ஏற்றுக்கொண்டே தான்சேனிலும் பிற இடங்களிலும் மருத்துவமும் கல்வியும் செய்தது. சபைகளை வெளிநாட்டார் நடத்தவில்லை. தொடக்கம் முதல் நேபாளிகளே நடத்தினார்கள். 2021ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் கிறிஸ்தவர்கள் 5,12,313 பேர். கைப்பிரதி கொடுக்க வெளியிலிருந்து ஆள் போனதால் வந்த எண்ணிக்கை அல்ல அது.

மருத்துவ முகாமைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். நேபாள மருத்துவக் கவுன்சிலின் தற்காலிகப் பதிவு இல்லாமல் வெளிநாட்டு மருத்துவர் அங்கே சிகிச்சை தரக்கூடாது. உங்கள் குழுவில் மருத்துவர் இருந்தாலும் அந்தப் பதிவு முதலில் வேண்டும். அதையும் தாண்டி ஒன்று இருக்கிறது. முகாமில் ஒருவருக்கு இரத்த அழுத்தம் அதிகம் என்று கண்டு பத்து நாளுக்கு மாத்திரை கொடுக்கிறீர்கள். பத்து நாள் கழித்து மாத்திரை தீர்கிறது, அவரும் "மருந்து சாப்பிட்டாயிற்று, சரியாகிவிட்டது" என்று விட்டுவிடுகிறார். இப்படி விட்டவர்களைப் பக்கவாதத்தோடு எங்கள் மருத்துவமனைக்குத் தூக்கிக்கொண்டு வருவார்கள். அரசுச் சுகாதார நிலையத்தில் அடிப்படை மருந்துகள் இலவசமாகவே கிடைக்கும். அங்கே மாதாமாதம் போகும் பழக்கத்தை உள்ளூர்த் தாதி ஏற்படுத்தினால் உயிர் பிழைக்கும். முகாம் அந்தப் பழக்கத்தைக் கெடுக்கிறது. இதை நான் மிகுந்த வேதனையோடுதான் எழுதுகிறேன்.

சேகரப் பொருளாளர்:

நான் வேறொரு திருமண்டலத்தில் சேகரக் கணக்குப் பார்ப்பவன். மொத்தச் செலவு 3,96,000 ரூபாய். இந்திய ரூபாய்க்கு 1.60 நேபாள ரூபாய் என்ற நிலையான மாற்று விகிதத்தில் 6,33,600 நேபாள ரூபாய். இதில் பாதியைச் சேகர நிதியிலிருந்து எடுப்பதற்கு முன் திருமண்டல அலுவலகத்தைக் கேளுங்கள். அறக்கட்டளையின் வருமானம் இந்தியாவுக்குள் செலவிடப்பட்டால்தான் வரிவிலக்கு என்பது 1961ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்தின் 11ஆம் பிரிவிலேயே இருந்த பழைய விதி. வெளிநாட்டுச் செலவுக்கு விலக்கு வேண்டுமானால் மத்திய நேரடி வரிகள் வாரியத்தின் அனுமதி தேவை. பணத்தை அப்படியே அனுப்பிவிடலாம் என்று சொல்லும் தலைமையாசிரியரின் யோசனைக்கும் இதே தடை உண்டு என்பதை அவரிடம் மரியாதையோடு தெரிவியுங்கள். அவரவர் சொந்தப் பணத்தில் போவதே ஒழுங்கு.

சிறார் நலப் பணியாளர்:

தம்பி, திட்டத்தில் உள்ள "குழந்தைகள் இல்லத்தில் ஒரு நாள்" என்பதைப் பற்றி இதுவரை யாரும் பேசவில்லை. எனக்கு எல்லாவற்றிலும் பெரிதாகத் தோன்றுவது அதுதான். ஆகையால் சற்று நீளமாகவே எழுதுகிறேன்.

நேபாளத்தில் 1996 முதல் 2006 வரை நடந்த உள்நாட்டுப் போரின்போது, ஹும்லா போன்ற தொலைதூர மலை மாவட்டங்களின் பெற்றோர்கள், பிள்ளைகளைப் போராளிகள் பிடித்துக்கொண்டு போய்விடக்கூடாது, நல்ல பள்ளியில் படிக்க வேண்டும் என்ற எண்ணத்தில் இடைத்தரகர்களுக்குப் பணம் கொடுத்துக் காத்மாண்டுவுக்கு அனுப்பினார்கள். தரகர்கள் அந்தப் பிள்ளைகளை இல்லங்களில் சேர்த்து, பெற்றோர் இறந்துவிட்டதாகக் காகிதம் உண்டாக்கினார்கள். அங்குள்ள இல்லங்களில் மிகப் பெரும்பாலானவை காத்மாண்டு, லலித்பூர், பக்தபூர், காஸ்கி, சித்வன் ஆகிய மாவட்டங்களில் குவிந்திருக்கின்றன. பெற்றோரை இழந்த குழந்தைகள் இந்த ஐந்து மாவட்டங்களில்தான் அதிகம் என்பதல்ல காரணம். வெளிநாட்டார் வந்து போகும் மாவட்டங்கள் இவை. காஸ்கியின் தலைநகர்தான் நீங்கள் போகிற பொக்காரா.

குழு ஒன்று ஒரு நாள் வந்து பாடி, பிஸ்கட் கொடுத்து, படம் எடுத்து, காணிக்கை வைத்துவிட்டுப் போகும்போது, அந்த இல்லத்தில் பிள்ளைகளை வைத்திருப்பதே வருமானமாகிறது. பிள்ளையை வீட்டுக்குத் திருப்பி அனுப்ப நிர்வாகிக்கு எந்த அவசரமும் இராது. ஒவ்வொரு குழுவிடமும் ஒட்டிக்கொண்டு ஒவ்வொரு முறையும் பிரிகிற பிள்ளையின் மனம் என்னவாகும் என்பதை, விடுதியில் வளர்ந்த எவரையும் கேட்டால் சொல்வார்கள். 2015 ஏப்ரல் நிலநடுக்கத்தில் ஏறத்தாழ 9,000 பேர் இறந்தபோது, பிள்ளைகளை அனுமதியில்லாமல் மாவட்டம் விட்டு மாவட்டம் கொண்டுபோகக் கூடாது என்று நேபாள அரசு தடை விதித்தது. நல்லெண்ணத்தின் பெயரிலும் கடத்தல் நடக்கும் என்ற அச்சம் அவ்வளவு இருந்தது. ஹைத்தியில் 2010 ஜனவரியில் நிலநடுக்கத்துக்குப் பிறகு அமெரிக்க பாப்டிஸ்ட் குழுவினர் பத்துப் பேர் 33 பிள்ளைகளை உரிய ஆவணமில்லாமல் டொமினிக்கன் குடியரசுக்குக் கொண்டுபோக முயன்று எல்லையில் கைதானார்கள். அந்தப் பிள்ளைகளில் பலருக்குப் பெற்றோர் உயிரோடு இருந்தார்கள். குழுவினர் தீயவர்கள் என்று நான் நினைக்கவில்லை. அவசரமும், தாங்கள் காப்பாற்ற வந்தவர்கள் என்ற உறுதியும் சேர்ந்ததால் கேட்க வேண்டியவர்களைக் கேட்காமல் விட்டார்கள்.

இல்லத்துக்குப் போகாதீர்கள் என்றே சொல்கிறேன். அந்தச் சபையில் ஏழைக் குடும்பம் ஒன்று பிள்ளையைத் தன் வீட்டிலேயே வைத்துப் படிக்கவைக்க முடியாமல் தவித்தால், அந்தக் குடும்பத்துக்கு உதவ உள்ளூர்ச் சபை என்ன செய்கிறது என்று கேட்டறியுங்கள்.

அதிகாலை ஜெபம்:

எல்லாவற்றையும் படித்தபின், பயணமே வேண்டாம் என்று முடித்துவிடுவீர்களோ என்று அஞ்சுகிறேன். எங்கள் சேகரத்திலிருந்து வாலிபர்கள் ஒடிசாவுக்குப் போய்வந்தபின் அவர்களில் ஒரு பெண் பிள்ளை செவிலியர் படிப்பை முடித்து அங்கேயே பணிக்குப் போய்விட்டாள். போய்ப் பார்க்காமல் அவளுக்கு அந்தப் பாரம் வந்திருக்காது. இதையும் எடை போடுங்கள்.

மயிலாடி ஆசிரியர்:

அம்மா சொல்வதை நான் முழுமனதோடு ஏற்கிறேன். அதற்கு நம் திருநெல்வேலியிலேயே பெரிய சான்று இருக்கிறது. வேதநாயகம் சாமுவேல் அசரியா 1902இல் யாழ்ப்பாணத்துக்குப் போனார். அங்கிருந்த தமிழ்க் கிறிஸ்தவர்கள் சொந்தமாகச் சங்கம் அமைத்து, தங்கள் காணிக்கையில், கடல் கடந்து நம் தொண்டிப் பகுதிக்கு ஊழியரை அனுப்பியிருந்ததைக் கண்டார். இலங்கைத் தமிழர் நம் கரைக்கு ஆள் அனுப்பும்போது, இத்தனை சபைகள் உள்ள திருநெல்வேலி ஏன் யாரையும் அனுப்பவில்லை என்ற கேள்வி அவரைப் பிடித்துக்கொண்டது. அடுத்த ஆண்டு பிப்ரவரி 12ஆம் நாள் இந்திய மிஷனெரி சங்கம் பிறந்தது. அதன் முதல் பணித்தளம் தெலுங்கு நாட்டில். அசரியாவும் தெலுங்கு கற்று, 1909இல் தோர்ணக்கல்லுக்கே குடிபோனார். யாழ்ப்பாணத்துக்குப் போன அந்தக் குறுகிய பயணத்தில் அவர் அங்கே எதையும் சாதித்துவிட்டு வரவில்லை. அங்குள்ளவர்கள் செய்துகொண்டிருந்ததைப் பார்த்தார், ஊருக்கு வந்து தன் சபையை எழுப்பினார். அதே அசரியா 1910இல் எடின்பரோ மாநாட்டில், மிஷனெரிகள் பொருளையும் உடலையும் கொடுத்தார்கள், எங்களுக்கு நண்பர்களைத் தாருங்கள் என்று மேலைநாட்டாரைக் கேட்டார். நேபாளத்துக்கு நாம் போகும்போது அந்தக் கேள்வி நம்மை நோக்கி நிற்கிறது.

தேரிக்காட்டு வாலிபன்:

ஐந்தாறு நாட்களாக வாலிபர் கூட்டத்தில் இந்த இழையை உரக்கப் படித்து ஜெபத்தோடு பேசினோம். சிலருக்கு ஏமாற்றம்தான், இருவர் விலகிக்கொண்டார்கள். எங்கள் முடிவு இது: மே மாதப் பயணம் இல்லை. முகாமும் இல்லப் பயணமும் கைப்பிரதியும் இல்லை. அந்தப் போதகருக்கு இப்போதே கடிதம் எழுதி, அவருடைய சபையின் மூப்பர்களும் விரும்பினால் மட்டும், ஐந்து பேர், சொந்தச் செலவில், விருந்தினராகப் போய் அவர்களிடம் கற்றுக்கொள்வோம். அதற்கு முன் கோரக்பூர்ப் பகுதியில் பணியாற்றும் நம் ஊழியர் ஒருவரிடம் இணையவழியில் நேபாளி கற்கத் தொடங்குகிறோம். தலைமையாசிரியர் ஐயா இதற்கு ஒப்புதல் கொடுத்துவிட்டார். எந்த மாதம் உகந்தது, போனால் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்று மருந்தாளுநர் ஐயா சொல்ல வேண்டும்.

மலைநாட்டு மருந்தாளுநர்:

மகிழ்ச்சி தம்பி. ஜூன் முதல் செப்டம்பர் வரை மழையால் மலைச்சாலைகளில் மண் சரியும். அந்த மாதங்களைத் தவிருங்கள். தசைன் பண்டிகை விடுமுறையில் பள்ளிகள் மூடியிருப்பதால் சபைகள் வாலிபர் முகாம்களை அப்போது நடத்துவதுண்டு. நமது காலாண்டு விடுமுறையும் சில ஆண்டுகளில் அதை ஒட்டி வரும். ஆனால் தேதியை அவர்களே சொல்லட்டும். எல்லையில் காட்டப் பெரியவர்களுக்குப் பாஸ்போர்ட் அல்லது வாக்காளர் அடையாள அட்டை வேண்டும்.

ஆராதனை ஞாயிற்றுக்கிழமையில் அல்ல, சனிக்கிழமையில் நடக்கும். நெடுங்காலமாக அந்நாட்டின் வார விடுமுறை அதுவே. 2015 நிலநடுக்கம் ஒரு சனிக்கிழமை நண்பகலுக்குச் சற்று முன் வந்ததால், ஆராதனையில் இருந்தபடியே இறந்த விசுவாசிகள் பலர். அங்கே போகிற வீடுகளில் அந்த நாளைப் பற்றி அவர்களாகப் பேசினால் பொறுமையாகக் கேளுங்கள், நீங்களாகக் கிளறாதீர்கள். செருப்பைக் கழற்றிவிட்டுத் தரையில் அமருங்கள். "ஜெயமசி" (கிறிஸ்துவுக்கு ஜெயம்) என்று கைகூப்பினால் போதும், முகம் மலரும். ஒருவரின் முகமோ சபையின் பெயரோ ஞானஸ்நானமோ தெரியும் படத்தை முகநூலிலும் வாட்ஸ்அப்பிலும் இடாதீர்கள். திரும்பி வந்து காட்சியுரை கொடுக்கும்போதும் அப்படியே. பிரசங்கிக்கக் கேட்டால் ஒருவர் சுருக்கமாகச் சாட்சி சொல்லுங்கள். பணம் கொடுக்க விரும்பினால் தனியாள் கையில் கொடுக்காமல் மூப்பர்கள் முன்னிலையில் காணிக்கைப் பெட்டியில் போடுங்கள்.

கடிதத்தை ஆங்கிலத்திலோ இந்தியிலோ எழுத வேண்டாம். தமிழில் எழுதி இங்கே இடுங்கள். நான் நேபாளியில் ஆக்கித் தருகிறேன். "உங்களுக்கு வசதிப்படாது என்றால் தயங்காமல் சொல்லுங்கள், எங்கள் ஜெபம் குறையாது" என்ற வரியைக் கடிதத்தின் தொடக்கத்திலேயே வையுங்கள். முடிவில் வைத்தால் அவர்கள் அதை உபசார வார்த்தையாக எடுத்துக்கொள்வார்கள்.

தேரிக்காட்டு வாலிபன்:

நன்றி ஐயா. வரைவை ஞாயிறு ஆராதனை முடிந்ததும் இங்கே இடுகிறேன்.